தண்ணீருக்கு வழி விடுங்கள்: டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கும் முறை

டிஷ்வாஷருக்குள் தண்ணீர் நிரம்புவதில்லை. புதிதாக வாங்கியவர்கள் பலர் இதற்கு நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் கழுத்தளவு ஏறும், பாத்திரமெல்லாம் அதில் மூழ்கி ஊறும், ஊறியதும் அழுக்கு தானாகப் போய்விடும் என்று எண்ணி, இடம் இருக்கிற வரைக்கும் திணித்துக் கதவைச் சாத்துகிறார்கள். திறந்து பார்த்தால் பாதிப் பாத்திரத்தில் பருப்பு அப்படியே இருக்கிறது. "இந்த மெஷின் நம் ஊர்ச் சமையலுக்கு ஆகாது" என்று முடிவுகட்டி அதை ஊறுகாய் ஜாடி வைக்கும் அலமாரியாக்கிவிட்ட வீடுகள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் உண்டு. நம் சமையலுக்கும் அது ஆகும். உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் போதும்.

அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் சில லிட்டர் தண்ணீர் மட்டும் வந்து தேங்குகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கி, பம்பு அதை உறிஞ்சி, துளைகள் கொண்ட நீண்ட கைகளுக்குள் அழுத்தத்தோடு அனுப்புகிறது. கீழ் அடுக்கின் அடியில் ஒரு கை, மேல் அடுக்கின் அடியில் இன்னொரு கை. சில இயந்திரங்களில் கூரையிலும் ஒன்று இருக்கும். துளைகள் சாய்வாக இருப்பதால், பீறிட்டு வெளியேறும் தண்ணீரின் எதிர்விசையே கையைச் சுழற்றிவிடுகிறது. பாத்திரங்களின் மேல் அடித்த தண்ணீர் கீழே வழிந்து, வடிகட்டியில் புகுந்து, மறுபடியும் பம்புக்குப் போகிறது. இப்படி ஒரே தண்ணீர் பலமுறை சுற்றிய பிறகுதான் வெளியேற்றப்பட்டுப் புதுத் தண்ணீர் வருகிறது. அதனால்தான் முழுச் சுற்றுக்கும் சேர்த்துப் பல இயந்திரங்களில் 9 முதல் 12 லிட்டர் தண்ணீரே செலவாகிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் அந்த அளவு தண்ணீர் சில நிமிடங்களில் சாக்கடைக்குப் போய்விடும்.

ஆகவே அடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: கீழேயிருந்து பீறிடும் தண்ணீர் இந்தப் பாத்திரத்தின் அழுக்கான பக்கத்தை நேராகத் தொடுமா? தொடும் என்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமானாலும் அந்த இடத்தைக் கழுவ அதனால் முடியாது.

அழுத்தமான தண்ணீரும், பாத்திரத்துக்கு அளவெடுத்த கம்பி அறையும் சேர்ந்துதான் இந்த இயந்திரமே உருவானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் இருந்த ஜோசஃபின் காக்ரன் 1886-ல் தம் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கேற்பக் கம்பியை வளைத்துத் தனித்தனி அறைகள் செய்தார். தூரிகைகொண்டு தேய்க்காமல் தண்ணீரின் வேகத்தையே நம்பினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் வைக்கப்பட்டது. இன்றைக்கும் அடுக்குகளில் நட்டுக்கொண்டிருக்கும் கம்பிப் பற்கள் அவர் காட்டிய வழியில் வந்தவைதான். அந்தப் பற்கள் தட்டையான பீங்கான் தட்டுகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். நம் வீட்டில் தட்டைவிடக் குழிவான பாத்திரம் அதிகம். குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, டபரா, கிண்ணம் எல்லாமே குழிவுதான். எனவே நம் ஊர் வீட்டுக்கு இயந்திரம் வாங்கினால் பற்களை மடக்கிப் படுக்கவைக்கும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். எத்தனை பாத்திரம் கொள்ளும் என்ற விளம்பரத்தைவிட இது முக்கியம்.

இனி அடுக்குவதற்கு வருவோம். பெரிய, எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்கள் கீழ் அடுக்கில். அங்கேதான் தண்ணீரின் வேகம் அதிகம். வாணலியையும் குழம்புச் சட்டியையும் பற்களை மடக்கிவிட்டுக் கவிழ்த்து, லேசாகச் சாய்த்து வையுங்கள். நேராகக் கவிழ்த்தால் அடிப்புறக் குழிவில் தண்ணீர் தேங்கி நின்றுவிடும். சாய்த்து வைத்தால் வழிந்துவிடும். சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வைத்து, சாப்பிடும் பக்கம் நடுவைப் பார்க்கும்படி திருப்புங்கள். நம் எவர்சில்வர் தட்டுக்கு விளிம்பு உயரம். அடுத்தடுத்த பல்லில் வைத்தால் ஒன்றின் விளிம்பு மற்றொன்றை மூடிக்கொள்ளும். ஒரு பல் விட்டு ஒரு பல்லில் வையுங்கள். தட்டு குறைவாகக் கொள்கிறதே என்று வருந்த வேண்டாம். நெருக்கி வைத்து மறுபடி கையால் தேய்ப்பதைவிட இது மேல்.

மேல் அடுக்கில் டம்ளர், டபரா, கிண்ணம், சிறிய மூடிகள், வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்லாம் வாய் கீழே. டம்ளருக்குள் டபராவின் விளிம்பு புகுந்து நிற்கக் கூடாது. கிண்ணத்தின் மேல் கிண்ணம் ஏறி உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் எடை குறைவு. தண்ணீர் அடிக்கும் வேகத்தில் புரண்டு மல்லாந்து, சுற்று முடியும்போது நுரை கலந்த தண்ணீரை நிறைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கனமான பாத்திரங்களுக்கு இடையில் செருகி வையுங்கள். குழிக்கரண்டியும் தோசைத் திருப்பியும் மேல் அடுக்கில் படுக்க வேண்டும், குழி கீழே பார்த்தபடி. கீழே உள்ள கூடையில் நட்டமாக நிறுத்தினால் அவற்றின் நீளக் கைப்பிடி மேலே சுழலும் கையைத் தடுத்து நிறுத்திவிடும்.

கரண்டிகள் தனிக் கவனம் கேட்பவை. தேக்கரண்டிகளை ஒரே பக்கமாகப் பார்த்தபடி ஒரு கூடையில் கொத்தாகப் போட்டால் ஒன்றின் குழியில் மற்றொன்று பொருந்திப் படிந்துவிடும். நடுவில் தண்ணீர் போகாது. சிலவற்றைக் கைப்பிடி மேலாக, சிலவற்றைக் கைப்பிடி கீழாகக் கலந்து போடுங்கள். கத்தியை மட்டும் முனை கீழாகவே வைக்க வேண்டும். எடுக்கும்போது கையைக் கிழிக்கக் கூடாது அல்லவா?

எல்லாம் வைத்தாயிற்று. கதவைச் சாத்துவதற்கு முன் கீழ்க் கையையும் மேல் கையையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் சுற்றினால் சரி. எங்காவது தட்டின் விளிம்போ இட்லித் தட்டின் ஓரமோ இடித்தால் அதை நகர்த்துங்கள். ஒரு கை நின்றுபோனால் அந்த அடுக்கில் பாதிப் பாத்திரம் தண்ணீரையே பார்க்காது. கதவில் உள்ள டிடர்ஜென்ட் அறையின் முன்னால் உயரமான தட்டு நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். சுற்றின் நடுவில் அந்த அறை திறக்க வேண்டும். தட்டு முட்டிக்கொண்டு நின்றால் திறக்காது, வெறும் சுடுதண்ணீரால்தான் கழுவியிருக்கும்.

உள்ளே வைப்பதற்கு முன் பாத்திரத்தைக் கழுவ வேண்டுமா? வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் சோப்புப் போட்டு ஒருமுறை தேய்த்துவிட்டு, அப்புறம் இயந்திரத்தில் வைக்கிறார்கள். வேலையும் இரட்டிப்பு, தண்ணீரும் இரட்டிப்பு. தேய்ப்பதிலிருந்து வீட்டுப் பெண்களின் கைகளுக்கு விடுதலை கிடைக்கும் என்றுதான் இதை வாங்கினோம். பிறகு எதற்கு இந்தக் கொடுமை? மிச்சச் சோறு, முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் ஆகியவற்றை மட்டும் குப்பைக்கு வழித்துத் தள்ளுங்கள். மசாலாவும் எண்ணெயும் அப்படியே இருக்கலாம். அவற்றைக் கரைக்கத்தான் டிடர்ஜென்ட் இருக்கிறது. அதில் மாவுப்பொருளையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. காய்ந்துபோன மாவுதான் சற்றுப் பிடிவாதக்காரன். இட்லிமாவுப் பாத்திரம், மட்டை அரிசிக் கஞ்சி காய்ந்த பானை ஆகியவற்றில் சிறிது தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு, வைக்கும்போது கொட்டிவிடுங்கள். இரவு வரை சேர்த்துவைத்து ஓட்டுகிறவர்கள் காலைப் பாத்திரத்தை உள்ளே அடுக்கிவிட்டு, வெறும் தண்ணீரால் அலசும் சிறிய சுற்று ஒன்றை ஓட்டலாம். பெரும்பாலான இயந்திரங்களில் அது இருக்கிறது.

டிடர்ஜென்ட் என்றதும் கைக்குத் தேய்க்கும் பாத்திரத் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். அது நுரைப்பதற்காகவே செய்யப்பட்டது. உள்ளே நுரை பொங்கினால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும், கதவிடுக்கு வழியாகச் சமையலறைத் தரைக்கு நுரை வரும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் தூள் அல்லது மாத்திரையே வேண்டும். மாத்திரையை அதற்குரிய அறையில்தான் வைக்க வேண்டும். அடித்தளத்தில் எறிந்தால் முதல் அலசலிலேயே கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். தூள் மலிவு, அளவைக் கூட்டலாம் குறைக்கலாம். எண்ணெய் அதிகமான நாளில் அறைக்கு வெளியே கதவின் உட்புறத்தில் ஒரு சிட்டிகை கூடுதலாகத் தூவினால் முதல் அலசலுக்கும் உதவும். நான் தூளின் கட்சி. ஆனால் மழைக்காலக் காற்றில் அது கட்டிதட்டும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

இப்போது எங்கள் பக்கத்தின் பெரிய வில்லங்கத்துக்கு வருகிறேன்: தண்ணீர். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை மறைவு நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதும், வெந்நீர் அண்டாவின் அடியில் செதில் செதிலாக உரிவதும் அதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாதபோது 600 வரை அனுமதி. கிணற்றுக்குக் கிணறு இது மாறும் என்பதால், வாங்கியவுடன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். பல நிறுவனங்கள் சோதனைத் தாளை இயந்திரத்தோடே தருகின்றன. அந்த அளவுக்கேற்ப இயந்திரத்தில் கடினத்தன்மை எண்ணை அமைக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டு, டிடர்ஜென்டை மாற்றி மாற்றிப் பார்த்துக் காசைக் கரைப்பவர்களே அதிகம்.

"ஏன் கண்ணு, நம்முடைய தண்ணீரே உப்பு. அதில் இன்னும் உப்பைக் கொட்டச் சொல்கிறார்களே, இது நியாயமா?" என்று பக்கத்துத் தோட்டத்து அத்தை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. டிஷ்வாஷரின் அடியில் ஒரு மூடியைத் திருகித் திறந்தால் உப்பு அறை தெரியும். அதை அடுத்து, சின்னஞ்சிறு பிசின் மணிகள் நிறைந்த ஒரு பகுதி இருக்கிறது. அந்த மணிகள் சோடியத்தைப் பிடித்துவைத்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் அவற்றின் ஊடே போகும்போது மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடுகின்றன. தண்ணீர் மென்மையாகிவிடுகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு மணிகள் நிறைந்துபோகும். அப்போது அடர்த்தியான உப்புக் கரைசல் அவற்றின் மேல் ஓடி, பிடித்துவைத்த கால்சியத்தை விரட்டி, மறுபடியும் சோடியத்தை ஏற்றிவிடுகிறது. அந்தக் கரைசல் நேராக வெளியே போய்விடும். பாத்திரத்தில் படுவதில்லை. சாதம் உப்புக்கரிக்குமோ என்ற பயம் வேண்டாம்.

அந்த அறைக்கு டிஷ்வாஷர் உப்பே வேண்டும். கடையில் வாங்கும் தூள் உப்பில் அயோடினும், கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் இருக்கின்றன, மணிகளை அடைத்துவிடும். முதல்முறை நிரப்பும்போது மட்டும் அறையில் முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்பைப் போட வேண்டும். பிறகு உப்பு விளக்கு எரியும்போது போட்டால் போதும். போட்டதும் சிந்தியதைத் துடைத்துவிட்டு உடனே ஒரு சுற்று ஓட்டுங்கள். உப்புக் கரைசல் எவர்சில்வர் தரையில் கிடந்தால் அரித்துப் புள்ளி விழும். தவறியும் இந்த அறையில் டிடர்ஜென்டைப் போட்டுவிடாதீர்கள். மணிகள் பாழாகிவிடும்.

ரின்ஸ் எய்ட் என்ற நீல நிறத் திரவமும் உண்டு. கடைசி அலசலில் சில துளிகள் கலக்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்துபோக உதவுகிறது, அதனால் காய்ந்த பிறகு புள்ளி விழுவதில்லை. தண்ணீர் சரியில்லாத ஊரில் இதைச் செலவு என்று நினைத்துத் தவிர்க்க வேண்டாம்.

இத்தனை செய்த பிறகும் கண்ணாடி டம்ளர் பால் பூசியது போல மங்கலாக வருகிறதா? அந்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பக்கத்தில் ஒரு துளி வினிகரை விட்டு விரலால் தேயுங்கள். தேய்த்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்தால் அது சுண்ணாம்புப் படிவு. உப்பு தீர்ந்துவிட்டது, அல்லது கடினத்தன்மை எண் குறைவாக இருக்கிறது என்று பொருள். எத்தனை தேய்த்தும் மங்கல் போகவில்லை, விரலுக்கு நெருநெருவென்று படுகிறது என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் தேவைக்குமேல் மென்மையாகி, டிடர்ஜென்டும் சூடும் அதிகமானால் இப்படி ஆகும். இதற்கு மருந்து இல்லை. இனிமேல் வராமல் கடினத்தன்மை எண்ணையும் டிடர்ஜென்ட் அளவையும் குறைக்கத்தான் முடியும்.

எந்தச் சுற்றை ஓட்டுவது? அன்றாடத் தட்டு, டம்ளருக்கு ஈகோ சுற்று நல்லது. 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் மெதுவாக நீண்ட நேரம் ஓடும். நேரம் அதிகமானாலும் தண்ணீரைச் சூடாக்கவே மின்சாரம் பெரும்பாலும் செலவாகிறது என்பதால் அதில்தான் மின்கட்டணம் குறைவு. வறுவல் செய்த வாணலி, மீன்குழம்பு வைத்த எவர்சில்வர் சட்டி ஆகியவற்றுக்கு 65 முதல் 70 டிகிரி போகும் தீவிரச் சுற்று வேண்டும். தேங்காய் எண்ணெயில் சமைக்கும் வீடு என்றால் இதைக் கவனியுங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வடிகட்டியைத் தொட்டுப் பார்த்தால் மெழுகுபோல அப்பிக்கொண்டிருப்பது தெரியும். வாரத்தில் ஒருநாளாவது சூடான சுற்றை ஓட்டினால் அது சேராது.

எவை உள்ளே போகக் கூடாது என்பதில் நம் சமையலறைப் பட்டியல் நீளம். டிடர்ஜென்டின் காரத்தில் அலுமினியமும் ஹிண்டாலியமும் கறுத்துப்போகும். அலுமினிய இட்லித் தட்டு, புட்டுக்குழாய், குக்கர் எல்லாம் கைக்கழுவலுக்குத்தான். எவர்சில்வரில் செய்தவை என்றால் தாராளமாக வைக்கலாம், குக்கர் மூடியிலிருந்து காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு. இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் இத்தனை காலம் பழக்கி ஏற்றிய எண்ணெய்ப் பூச்சு ஒரே சுற்றில் போய்த் துருவேறும். மண்சட்டியும் கல்சட்டியும் டிடர்ஜென்டை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் விடும். பித்தளை அண்டா, வெண்கல உருளி பொலிவிழக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்தும் பார்க்க வேண்டாம். மரக்கரண்டியும் பூரிக்கட்டையும் வெடிக்கும். மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடு சுழலும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகும். அதன் மூடியை மட்டும் மேல் அடுக்கில் வைக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை முழுதாகப் போகாது. ஈரத்தோடு வெயிலில் வைத்துவிடுங்கள், வெளுத்துவிடும்.

வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறத்தாழ 2 கிலோவாட் இழுக்கும் என்பதால் தனியாக 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மேல்தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன, அதாவது தொட்டியில் தண்ணீர் குழாயைவிடச் சுமார் 3 மீட்டர் மேலே நிற்க வேண்டும். கழிவுநீர்க் குழாயைத் தரையில் கிடத்தாமல் கையேட்டில் சொன்ன உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். அந்தக் கழிவுநீரைக் கறிவேப்பிலைச் செடிக்குப் பாய்ச்சும் வழக்கம் வேண்டாம். காரமும் சோடியமும் கலந்தது அது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் வடிகட்டியை விடக் கூடாது. கீழ் அடுக்கை வெளியே இழுத்து, அடியில் உள்ள வடிகட்டியைத் திருகி எடுத்துப் பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கடுகும், உளுத்தம் பருப்பும், தேங்காய் நாரும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வாரம் ஒருமுறை போதும். தினமும் தாளிக்கிற வீட்டில் இரண்டுமுறை. சுழலும் கையின் துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள். கடுகு அடைத்திருந்தால் ஊசியால் நோண்டி எடுத்துவிடலாம்.

சுற்று முடிந்ததும் கதவைச் சற்றே திறந்துவைத்தால் ஆவி போய்ப் பாத்திரம் சீக்கிரம் காயும். எடுக்கும்போது கீழ் அடுக்கை முதலில் காலிசெய்யுங்கள். மேல் அடுக்கை முதலில் இழுத்தால் டம்ளர்களின் அடியில் தேங்கிய தண்ணீர் கீழே காய்ந்து நிற்கும் தட்டுகளின் மேல் கொட்டும்.